சோப்பால் அடைத்த வளைகுடா

மன்னார் வளைகுடா எனக்கு மனப்பாடம். எங்கள் வீட்டு அலமாரியில் எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டால்கூட ஒரு நொடி யோசிப்பேன். வளைகுடாவைப் பற்றிக் கேட்டால் யோசிக்கவே மாட்டேன். மேற்கே நம் கரை, கிழக்கே இலங்கைக் கரை. வடக்கே ராமேஸ்வரத்துக்கும் மன்னார் தீவுக்கும் நடுவில் வரிசையாக மணல் திட்டுகள். அந்தத் திட்டுகளுக்கு வடக்கே இருப்பது பாக் விரிகுடா, அதில் பெரிய ஆழம் கிடையாது. தெற்கே இருப்பதுதான் வளைகுடா. அது போகப்போக அகன்று இந்தியப் பெருங்கடலில் போய்ச் சேருகிறது. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை கரையை ஒட்டி இருபத்தொரு சின்னத் தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப்பாறை, கடல்புல், அந்தப் புல்லை மேய வரும் கடல்பசு. இருபத்தொன்றில் இரண்டு முழுகிவிட்டன. பவளத்தை வெட்டி வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போட்டார்கள். தடுப்பு போனதும் கடல் தீவை எடுத்துக்கொண்டது.

கரையிலிருந்து கொஞ்ச தூரம் வரைக்கும் கடலடித் தரை மெதுவாகச் சரிந்துகொண்டே போகும். அப்புறம் படியில்லாத கிணறு மாதிரி சட்டென்று ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். அந்த இறக்கம்தான் எனக்கு உயிர். இதில் ஒன்றையும் நான் நேரில் பார்த்ததில்லை.

கடலையே பார்க்காதவள் என்று நினைத்துவிட வேண்டாம். நான் பிறந்தது ஸ்ரீமுஷ்ணம். எங்கள் ஊர்ப் பெருமாள் மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்குப் போவார், நாங்களும் பின்னாலேயே போவோம். அது வங்கக் கடல், கலங்கல் தண்ணீர், எதிரே ஒரு தீவு கிடையாது. ஒரு கடலைப் பார்த்தாயிற்றே, இன்னொன்று எதற்கு என்று கேட்கிறவர்களிடம் என்ன சொல்லி விளங்கவைப்பது? என்னைச் சுற்றி அப்படிக் கேட்கிறவர்கள்தான் இருந்தார்கள்.

எம்.பில். படிப்பில் இந்த வளைகுடாவைத்தான் ஆய்வுக்கு எடுத்திருந்தேன். தூத்துக்குடியில் ஒரு வாரம் தங்கி, படகில் தீவுகளுக்குப் போய் வர ஏற்பாடாகியிருந்தது. நான் பெயர் கொடுத்த வாரமே பெண் பார்க்க வந்தார்கள். "கட்டிக்கப் போறவங்க என்னா நெனைப்பாங்க? படகுல போவுது, தீவுக்குப் போவுதுன்னு பேசமாட்டாங்களா?" என்றார் அப்பா. ஆய்வு பாதியில் நின்றது. கல்யாணம் மட்டும் எதற்கும் நிற்கவில்லை.

மாப்பிள்ளைக்கு விருத்தாசலம். செராமிக் டிப்ளமோ படித்துவிட்டு, தொழிற்பேட்டையில் ஒரு யூனிட்டில் சூளையைப் பார்த்துக்கொள்கிறவர். கைக்கு அடக்கமான பொம்மைகள், ஃபியூஸ் கட்டைகள், ஊறுகாய் ஜாடிகள் இவைதான் அவர் உலகம். மனிதர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது, ஏனென்றால் கெட்டவராக இருந்திருந்தால் என் கதையைச் சொல்வது சுலபமாகியிருக்கும். நான் ஊரிலேயே ஒரு தனியார் பள்ளியில் புவியியல் டீச்சரானேன். எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற மங்களூர், நல்லூர் பக்கத்திலிருந்தெல்லாம் பஸ்ஸில் வந்து இறங்கும் பிள்ளைகளுக்கு நான் பார்க்காத கடலைப் பற்றி நடத்தினேன்.

சுனாமிக்கு அடுத்த வருஷம், தனியார் பள்ளிகளெல்லாம் சேர்ந்து ஆசிரியர்கள் செய்யும் மாடல்களுக்கு ஒரு கண்காட்சி வைத்தார்கள். முதலில் கடலூரில். அதில் ஜெயிக்கும் மாடல் அடுத்த கட்டத்துக்குப் போகும். அடுத்த கட்டம் எங்கே என்று சுற்றறிக்கையைப் புரட்டினேன். தூத்துக்குடி என்று போட்டிருந்தது. பள்ளி வேலையாகப் போகிறேன் என்றால் யாரும் வாயைத் திறக்க முடியாது. என் வாழ்க்கையில் அந்தக் கரைக்குப் போக மரியாதையான ஒரே வழி இதுதான் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

எல்லோரும் தெர்மாகோலில் செய்வார்கள், நாம் பீங்கானில் செய்வோம் என்று இவரிடம் சொன்னேன். நம் ஊர்ச் சரக்கு, தனியாகத் தெரியும். தரையைப் பள்ளமும் மேடுமாகச் செய்து, மேலே நீலத் தண்ணீரை ஊற்றிக் காட்டினால் தீவுகள் மட்டும் வெளியே தலை நீட்டும். ஆர்வமாகத்தான் ஒத்துக்கொண்டார். நான் வரைபடம் போட்டுக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து மண்ணில் செய்து வைத்திருந்ததைப் போய்ப் பார்த்தால், என்னுடைய செங்குத்தான இறக்கத்தைக் காணோம். குழந்தையைக் குளிப்பாட்டும் பேசின் மாதிரி வழவழவென்று சரிந்திருந்தது.

"என்னங்க இது? இங்க கிணறாட்டம் இறங்கணும்னு எத்தன வாட்டி சொன்னேன்?"

"அப்படி நெட்டுக்க இறக்குனா சூளையில விரிசல் வுட்டுடும். ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிசு வச்சா நிக்காது."

"கடல் அப்படித்தான இருக்குது?"

"கடல யாரும் சூளையில வெக்கலியே" என்றார்.

எத்தனையோ காலமாக இருக்கிற கடலை இவருடைய சூளைக்குத் தோதாகத் திருத்திவிட்டார். நாள் இல்லை, விட்டுவிட்டேன். ஒரே ஒரு தடவை சுட்டு எடுத்து, கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு போட நேரமில்லாமல் மேலே எனாமல் பெயிண்ட் அடித்து, கடலூருக்குக் கிளம்பும் அன்று காலையில்தான் கொண்டுவந்து கொடுத்தார். தண்ணீர் ஊற்றிப் பார்க்கக்கூட அவகாசமில்லை. பத்திரமாக இறக்கி வைக்கத் தானும் வருகிறேன் என்று வேனில் ஏறிக்கொண்டார்.

நடுவர் வந்து நின்றதும் நான் ஆரம்பித்தேன். குடத்திலிருந்து நீலத் தண்ணீரை ஊற்றினேன். தீவுகள் அழகாகத் தலை நீட்டின. ஆழமான இடத்தைக் குச்சியால் காட்டி, "இங்கேதான் தரை திடீரென்று..." என்று சொல்லும்போதே அந்த இடத்திலிருந்து குபுகுபுவென்று குமிழி வந்தது. தண்ணீர் இறங்கத் தொடங்கியது. தீவுகள் குன்றுகளாயின, பவளப்பாறை காய்ந்தது, கடல்பசு மேயும் இடம் வெறும் மேடாகிவிட்டது. சொட்டுத் தண்ணீர்கூட வெளியே வரவில்லை, ஆனால் என் கடல் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

"அடியில எரிமலை ஏதாவது இருக்கா, மேடம்?" என்றார் நடுவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

ஓட்டை போட்டிருந்தவர் என் கணவர்தான். மாடலுக்கு உள்ளே வெறும் கூடு, தண்ணீர் அதற்குள் இறங்கியிருக்கிறது. உள்ளே கூடாக இருக்கிற எதைச் சுட்டாலும் காற்று போக ஒரு துளை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சூளையில் வெடித்துவிடும். விருத்தாசலத்துப் பொம்மை எதைக் கவிழ்த்துப் பார்த்தாலும் அந்தத் துளை இருக்கும். மாடலின் அடி தட்டை, அங்கே வைத்தால் சூளைப் பலகையோடு ஒட்டி மூடிக்கொள்ளும், பக்கவாட்டில் வைத்தால் அசிங்கமாகத் தெரியும் என்று, இருப்பதிலேயே ஆழமான, இருப்பதிலேயே அடர்ந்த நீலம் அடித்த இடமாகப் பார்த்து வைத்திருக்கிறார். பென்சில் முனை அளவுதான் இருந்தது. என் கண்ணில் படவில்லை. கடலுக்கடியில் துளை போட வேறு எந்த ஊர்க்காரருக்குத் தோன்றும்?

மனிதர் பதறவே இல்லை. குழாயடிக்குப் போய்க் கை கழுவும் சோப்பில் ஒரு துண்டைக் கிள்ளி வந்தார், துளையில் திணித்தார், கட்டைவிரலால் அழுத்தினார், தண்ணீரை மறுபடி ஊற்றினார். கடல் நின்றது. நடுவர் குனிந்து, "எதுக்குங்க இந்த ஓட்டை?" என்று அவரைக் கேட்டார். அவ்வளவுதான். மண் எந்த மண், எத்தனை மணி நேரம் சுட்டது, எப்படி விரிசல் விடாமல் எடுத்தது என்று இருவரும் கால் மணி நேரம் பேசினார்கள். குச்சியை வைத்துக்கொண்டு நான் ஓரமாக நின்றேன். தீவுகள் எத்தனை என்றுகூட யாரும் என்னைக் கேட்கவில்லை.

முதல் பரிசு எங்களுக்குத்தான். உள்ளூர்த் தொழிலைப் பாடத்தோடு இணைத்ததற்காக என்று சான்றிதழில் எழுதியிருந்தார்கள். எதற்காக வேண்டுமானாலும் இருக்கட்டும், தூத்துக்குடி கிடைத்துவிட்டதே என்று வீடு வரும்வரை சந்தோஷமாக இருந்தேன். என்னென்ன பார்க்க வேண்டும் என்று வேனிலேயே பட்டியல் போட்டேன்.

மறுநாள் தாளாளர் கூப்பிட்டார். "இந்த வாட்டி சின்ன வேன்தான், டிரைவரு, மாடலு போவ ஒருத்தருக்குத்தான் எடம் இருக்குது டீச்சர். வழியில ஒடஞ்சா, மறுபடி ஒழுகுனா நீங்க என்னா பண்ணுவீங்க? உங்க வீட்டு சாரே போயிட்டு வரட்டும். நாலு நாளு வெளியூரு, லேடீஸுக்குச் சரிப்படாது. நீங்க சொல்றத எழுதிக் குடுத்துடுங்க, அவரு படிச்சிடுவாரு."

வீட்டில் மாமியார், "கடலோரமா, இப்பதான் அவ்ளோ பேர அடிச்சிட்டுப் போச்சு, பொம்பள எதுக்கு அங்க போவணும்?" என்றார். சுனாமி ஆண்களைத் தொடாமல் விட்டுவிட்டுப் போனதாக நான் கேள்விப்படவில்லை.

இவரிடம் நேராகவே கேட்டேன். "நீங்க வரலன்னு ஸ்கூல்ல சொல்லிடுங்க. நீங்க போவலன்னா என்னத்தான் அனுப்புவாங்க."

"ஸ்கூல்ல மரியாதையா கூப்புடறாங்க. எப்படி மாட்டேங்கறது? நீ செஞ்ச மாடலு ஒழுகி மானம் போவ வேணாம், நான் பாத்துக்கறேன்" என்றார்.

எனக்கு அந்தக் கரை என்னவென்று அவரிடம் அதற்கு முன் நான் சொன்னதே இல்லையா என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கிறேன். கல்யாணமான புதிதில், எம்.பில். நின்ற கதையை அழுதுகொண்டே சொன்னேன். பாவம் என்றார். அதோடு சரி. அன்றைக்கு மறுபடி சொல்லியிருக்கலாம். வீம்பு, சொல்லவில்லை. தானாகத் தோன்றட்டும் என்று காத்திருந்தேன். உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன், தீவுகளின் பெயர்களோடு. சட்டையை நானே இஸ்திரி போட்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் வேன் வந்து நின்றது. மாடலை முதலில் இறக்கினார், அப்புறம் ஒரு கேடயத்தை, கடைசியில் ஒரு பொட்டலம் மக்ரூன் இனிப்பை. மாமியாருக்கு மக்ரூன் மிகவும் பிடித்துப்போயிற்று. டீயைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். நான் எழுதிக் கொடுத்த தாள்கள் மடித்த மடிப்புக் கலையாமல் சட்டைப் பையில் இருந்தன.

"படிக்கலியா?"

"யாரும் கேக்கல. சூளையப் பத்திதான் கேட்டாங்க."

"கடல் எப்படி இருந்துது?"

"கடலா? பாக்கலியே" என்றார்.

நான் நம்பவில்லை. தூத்துக்குடிக்குப் போய்விட்டு யாராவது கடலைப் பார்க்காமல் வருவார்களா?

"நாளெல்லாம் அந்த ஹால்லயே இருந்தேன். அந்தாண்ட நகந்தா எவனாவது தொட்டு ஒடச்சிடுவான். நீ எவ்ளோ ஆசையா செஞ்சது."

"அங்கேர்ந்து கடல் எவ்ளோ தூரம்?"

"தூரமெல்லாம் இல்ல. ரோட்டுக்கு எதிர்த்தாப்லதான். ஜன்னலத் தொறந்தா தெரியுமாம். நான்தான் சாத்தச் சொல்லிட்டேன். உப்புக் காத்துல பெயிண்டு உரிஞ்சிடும்ல."

சொல்லிவிட்டு, பாராட்டுவேன் என்று என் முகத்தைப் பார்த்தார். அவர் பார்த்துவிட்டு வந்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பேன், நாலு நாள் பேசாமல் இருந்து சரியாகியிருப்பேன். தண்ணீர் என்ன நிறம், தீவு கண்ணுக்குத் தெரிந்ததா என்று அரித்தெடுத்திருப்பேன். அதற்கும் வழியில்லை. என் வளைகுடாவுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு ஜன்னல் கதவுதான் இருந்திருக்கிறது. அதையும் எனக்காகத்தான் சாத்தியிருக்கிறார்.