ஜெகதீஸ்வரி அக்காவின் புள்ளடி

எங்கள் ஊரில் படிவம் நிரப்புகிறவன் நான்தான். புதுக்குடியிருப்பில் ரியூசன் படிப்பிக்கிறேன், எழுத்தும் கொஞ்சம் வடிவாக இருக்கும். அந்தப் பாவத்துக்கு, பதினைந்து வருடமாக நாயாற்றிலும் செம்மலையிலும் யாருக்கு என்ன படிவம் வந்தாலும் அது என் மேசைக்குத்தான் வந்து சேரும். வீட்டுத்திட்டம், மலசலகூடம், ஆடு, கோழி, வள்ளத்துக்கு எஞ்சின், காளான் வளர்ப்பு, தையல் மெசின் எல்லாம் என் பேனையால் போனவைதான். முன்னுக்கு நின்றால் 'றொமேஸ் சேர்' என்பார்கள். அங்கால் திரும்பினால் 'ஃபோம் றொமேஸ்'.

இத்தனை அனுபவசாலியான நான்தான் போன வருடம் ஊர்ச் சனத்தின் தலையில் மண்ணை அள்ளிப் போட்டேன். அதை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையின் நாயகி நான் இல்லை. என் பிழையிலிருந்து ஊரைத் தூக்கிவிட்ட ஜெகதீஸ்வரி அக்காதான்.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. செம்மலையில் வீடு. புருசன் தயாபரன் அண்ணை கச்சான் கடலையும் கொஞ்ச நெல்லும் செய்கிறார். அக்கா பள்ளிக்கூட நாட்களில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைப்பார். நூற்றியிருபது பிள்ளைகளுக்குக் கௌபிப் பயறு அவித்துவிட்டு, 'உப்புப் போதுமோ' என்று வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்கிற ஆள். சனிக்கிழமை வந்தால் மட்டும் அவரை எங்கும் தேடக்கூடாது. காலை ஆறு மணிக்கு நாயாற்றுப் பாலத்தில், மூன்றாவது லைற் கம்பத்தடியில் நிற்பார். சைக்கிள் கூடைக்குள் ஒரு பழைய துவாய், ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் இறால் துண்டுகள், சோடாப் போத்தல் ஒன்றில் சுற்றிய தங்கூசி நூல். தடியும் இல்லை, ரீலும் இல்லை. போத்தலை இடது கையில் பிடித்து, முள்ளும் ஈயமும் கட்டிய நுனியை வலது கையால் சுழற்றி எறிவார். அது களப்புத் தண்ணியின் நடுவில் போய் விழும் தூரத்தைப் பார்த்து, கடலில் வளர்ந்த எங்கள் ஆட்களே வாய் பார்த்திருக்கிறார்கள்.

ஒன்பது மணிக்குச் சுற்றிவிட்டுப் போய்விடுவார். பட்ட மீனில் ஒன்றோ இரண்டோ தயாபரன் அண்ணையின் குழம்புக்குப் போகும். மிச்சத்தைப் பாலத்தில் நிற்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார். தனக்கு மீன், மச்சம் பெரிதாக இறங்காது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குத் தீர்த்தம் எடுத்த நாள் தொடக்கம் பொங்கல் முடியுமட்டும் போத்தலைத் தொடவும் மாட்டார். எங்கள் மீன்பிடிச் சங்கத் தலைவர் அல்பேர்ட் அண்ணை ஒருநாள் எரிச்சலில் கேட்டார்.

"விடிய விடிய வலை போடுற எங்களுக்கே ஒண்டும் படேல்லை. உன்ரை போத்தலுக்கு மட்டும் எங்கையிருந்து பிள்ளை வருகுது?"

"உங்களைக் கண்டால் அதுகள் பயப்பிடுமண்ணை. என்னோட கதைக்கத்தான் வருகுதுகள்."

இந்தப் பழக்கம் தொடங்கியது இரண்டாயிரத்துப் பன்னிரண்டில். அக்கா ஏதோ ஒரு பதிவுக்காகக் கந்தோர் ஒன்றுக்குப் போய், 'இன்னொரு கடிதம் கொண்டுவாங்கோ' என்று திருப்பி அனுப்பப்பட்டு வந்துகொண்டிருந்தார். கையில் அந்தப் பச்சை பிளாஸ்ரிக் கோப்பு. அந்தக் கோப்பை நான் நன்றாக அறிவேன், படிவம் நிரப்ப வரும்போதெல்லாம் கொண்டுவருவார். முகாம் அட்டை, மீள்குடியேற்ற அட்டை, பயனாளி இலக்கம் எழுதிய அட்டைகள், எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருக்கும். ஒன்றில் 'இடம்பெயர்ந்தவர்', ஒன்றில் 'மீள்குடியேறியவர்', மிச்சம் எல்லாவற்றிலும் 'பயனாளி'. அதற்கு முந்திய மூன்று வருடத்தில் அக்கா வீட்டில் என்ன நடந்தது என்று நான் எழுதப்போவதில்லை. எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் நடந்ததுதான்.

அன்றைக்குப் பஸ் பாலத்தடியில் பழுதாகி நின்றுவிட்டது. அல்பேர்ட் அண்ணை பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றவர், தேத்தண்ணி குடிக்கப் போகிற அவசரத்தில், "இதை ஒருக்காப் பிடி பிள்ளை" என்று தங்கூசியை அக்காவின் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு கொடுவா கொத்தியது. விடத் தெரியாது, இழுக்கவும் தெரியாது. தங்கூசி உள்ளங்கையை அறுத்து இரத்தம் வந்தது. கோப்புக் கீழே விழுந்து அட்டைகள் றோட்டெல்லாம் பறந்தன. பஸ்ஸில் இருந்த சனம் அட்டைகளைப் பொறுக்க ஓட, அக்கா அதைப் பார்க்காமல் மீனை இழுத்தார். இழுத்து மேலே போட்டுவிட்டுச் சிரித்தார்.

"அண்டைக்குத்தான் தம்பி எனக்குச் சிரிப்பு எண்டு ஒண்டு இருக்கிறது நினைவு வந்தது" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, அதைச் சொன்னதற்கே வெட்கப்பட்டார்.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். நாலைந்து வருடமாகக் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வாகனங்களில் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ரீல் பூட்டிய தடி. மீனைப் பிடிப்பார்கள், கட்டிப்பிடித்துப் படம் எடுப்பார்கள், பிறகு தண்ணிக்குள் விட்டுவிடுவார்கள். அதைப் பார்த்து அல்பேர்ட் அண்ணைக்கு நெஞ்சு வலி வராத குறை. ஆட்கள் கூடினால் சட்டமும் வரும்தானே. பொழுதுபோக்கு மீன்பிடிக்கு ஒழுங்குவிதிகள் வரப்போகின்றன, ஊர்ச் சனத்தின் கருத்தையும் கேட்கப்போகிறார்கள் என்று ஒரு கட்டுப் படிவம் வந்தது. பின்னால் பதினொரு பக்கத்தில் வரைவு விதிகள்.

நாலாவது கேள்வி: மீன்பிடிப்பதன் நோக்கம் என்ன? இரண்டு பெட்டிகள். வாழ்வாதாரம், பொழுதுபோக்கு. பொருத்தமானதற்குப் புள்ளடி இடவும்.

எங்கள் பகுதிக்கு வெளியில் இருக்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். சண்டை முடிந்த நாளிலிருந்து எங்களுக்கு வந்த படிவம் எல்லாவற்றிலும் 'வாழ்வாதாரம்' என்று ஒரு சொல் இருக்கும். அதில் புள்ளடி போட்டால் கோழி வரும், ஆடு வரும். போடாவிட்டால் பக்கத்து வீட்டுக்கு வரும். கண்ணை மூடிக்கொண்டே அந்தப் பெட்டியை என் பேனை கண்டுபிடிக்கும். தூண்டில் போடுகிற சலூன்காரன், பாண் வான்காரன், இரண்டு ரீச்சர்மார், ஆளுக்கு ஆள் வந்தார்கள். வாழ்வாதாரம், வாழ்வாதாரம் என்று போட்டுத் தள்ளினேன். தூண்டிலைத் தொட்டே அறியாத தயாபரன் அண்ணைக்கும் ஒன்று, ஏதாவது கிடைத்தாலும் கிடைக்கும் என்று.

அக்கா மட்டும் அந்தக் கேள்வியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றார்.

"தம்பி, நான் வாழ்வாதாரத்துக்கோ பிடிக்கிறன்?"

"அக்கா, பொழுதுபோக்கு எண்டு போட்டால் நாளைக்கு ஒரு கோழிக்கூடு கூடத் தரமாட்டாங்கள். உங்களுக்குப் பொழுது போகுது எண்டு அவங்களுக்கு ஏன் சொல்லவேணும்?"

சிரித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். அந்தப் பதினொரு பக்கத்தை நான் வாசிக்கவில்லை. கேள்வியை வாசிக்காமல் விடை எழுதாதே என்று பிள்ளைகளின் காதைத் திருகுகிற வாத்தி நான்.

அடுத்த மாதம் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். திணைக்களத்திலிருந்து சுதாஜினி என்ற இளம் அலுவலர் வந்திருந்தார். நல்ல பிள்ளை, வெயிலில் மோட்டார்சைக்கிளில் வந்து களைத்துப்போய் இருந்தார். தேத்தண்ணியும் பிஸ்கற்றும் கொடுத்த பிறகு எழுந்து வாசித்தார்.

"உங்கட ஊரிலயிருந்து நாற்பத்திமூண்டு படிவம் கிடைச்சிருக்கு. வாழ்வாதாரத்துக்காக மீன்பிடிக்கிறவை நாற்பத்திமூண்டு. பொழுதுபோக்குக்காகப் பிடிக்கிறவை ஒருவருமில்லை."

சனம் திருப்தியோடு தலையாட்டியது. சரியான விடை எழுதிவிட்டோம் என்ற முகம் எல்லாருக்கும். அவர் தொடர்ந்து வாசிக்க வாசிக்கத்தான் என் பிழை எனக்கு விளங்கத் தொடங்கியது. பாலம் இனிப் பொழுதுபோக்காகப் பிடிக்கிறவர்களுக்கு மட்டும். வாழ்வாதாரத்துக்குப் பிடிக்கிறவர்கள் வள்ளத்திலும் வலையிலும் களப்பின் உள்பக்கம் தொழில் செய்யலாம், பாலத்தில் நிற்கக்கூடாது. ஊர் ஆட்களில் பொழுதுபோக்காகப் பிடிக்கிறவர்கள் இருந்தால் பாலத்தில் ஒரு பகுதியை அவர்களுக்கு இலவசமாக ஒதுக்க விதியில் இடம் இருக்கிறது. "ஆனா உங்கட ஊரில அப்பிடி ஒருவரும் இல்லாதபடியால், முழுப் பாலத்தையும் வெளியிலயிருந்து அனுமதிச்சீட்டோட வாறாக்களுக்கு விடுறதா முடிவெடுக்கலாம். ஆட்சேபணை இருக்கோ?"

அல்பேர்ட் அண்ணைக்கு ஆட்சேபணை இல்லை. அவருக்கும் சங்கத்து ஆட்களுக்கும் வள்ளம் இருக்கிறது. எனக்கு எழும்பி நின்று 'பிழை விட்டவன் நான்' என்று சொல்லத் துணிவு வரவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். நான் பிஸ்கற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பின் வரிசையில் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது.

"பிள்ளை, என்ரை படிவம் பிழை" என்றார் ஜெகதீஸ்வரி அக்கா.

சுதாஜினி கட்டைப் புரட்டி எடுத்துப் பார்த்தார். "இது உங்கட கையெழுத்துத்தானே அம்மா?"

"கையெழுத்து என்ரைதான். புள்ளடிதான் பிழை. நான் கவனிக்காமல் வைச்சிட்டன்." என் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அந்த நிமிடம் எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போல் இருந்தது.

"மீனை விக்கிறேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை."

"வீட்டுச் சாப்பாட்டுக்கோ?"

"அவருக்கு ஒரு கறிக்கு. அது சந்தையிலயும் வாங்கலாம்."

"அப்ப ஏன் பிடிக்கிறீங்கள்?"

தயாபரன் அண்ணை அக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்து, "இஞ்சரும், இரும், உதவிப் பட்டியலில பேரை வெட்டிப்போடுவாங்கள்" என்று முணுமுணுத்தது எனக்கே கேட்டது. எங்கள் ஊரில் ஒரு பொம்பிளை, கச்சான் பிடுங்கவும் ஆள் இல்லாத காலத்தில், சபையில் எழும்பி நின்று இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லுவது?

"எனக்கு விருப்பம்" என்றார் அக்கா.

யாரோ ஒருவர் சிரித்தார். அக்கா அதைக் கேட்டுவிட்டு இன்னும் நிமிர்ந்து நின்றார்.

"சனிக்கிழமை காலமை மூண்டு மணித்தியாலம். அந்த நேரத்தில நான் ஒருத்தருக்கும் சமைக்கிறேல்லை, ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேட்டு நிக்கிறேல்லை. மீன் படுதோ படேல்லையோ, எனக்கு அது விருப்பம். இத்தனை வரியமா எல்லாப் படிவத்திலையும் எங்களிட்டை என்ன இல்லை எண்டுதான் பிள்ளை எழுதிக் குடுத்தனாங்கள். இந்த ஒண்டிலதான் என்ன விருப்பம் எண்டு கேட்டிருக்கு. அதிலையும் இல்லை எண்டு எழுதினால் எப்பிடி?"

சுதாஜினி கையிலிருந்த படிவக் கட்டை மேசையில் வைத்தார். பிறகு, "இந்தப் படிவத்துக்கும் உதவிப் பட்டியலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். அப்படிச் சொன்ன அலுவலர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம், ஒருவரும் நம்பவில்லை. அவர் வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து நீட்ட, அக்கா அதை வாங்கி என்னிடம் கொண்டுவரவில்லை. மேசையில் குனிந்து தானே புள்ளடி போட்டார். பேனையை அழுத்தின அழுத்தில் தாள் கிழியப் பார்த்தது.

"ஒராள் இருக்கிறா எண்டு நான் எழுதுறன் அம்மா. ஆனா ஒராளுக்கெண்டு இடம் ஒதுக்குவினமோ தெரியாது."

அப்போதுதான் தயாபரன் அண்ணை எழும்பினார். சேலையைப் பிடித்து இழுத்த அதே மனிதர்.

"என்ரையும் பிழை. மாத்துங்கோ."

"நீங்கள் எப்பயப்பா தூண்டில் போட்டனீங்கள்?" அக்காவே திகைத்துப்போனார்.

"தூண்டில் போடேல்லை. சனிக்கிழமையில ஏழு மணிக்குச் சுடுதண்ணிப் போத்தலில தேத்தண்ணி கொண்டாறனானெல்லே. தேத்தண்ணியைக் குடுத்திட்டு உடன திரும்பலாம். ஒன்பது மணிமட்டும் நிக்கிறனான், நீர் எறியிறதைப் பாத்துக்கொண்டு." சபையைப் பார்த்து ஒருமுறை தொண்டையைச் செருமினார். "அது எனக்குப் பொழுதுபோக்கு."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சலூன்காரன் எழும்பினான், பாண் வான்காரன் எழும்பினான், ரீச்சர்மார் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு எழும்பினார்கள். நான் கடைசியில் எழும்பி, பிழை என்னுடையது என்பதைச் சொல்லிவிட்டு, பேனையை எடுத்தேன். பதினேழு படிவம் மாற்றி எழுதினோம்; மிச்சம் உண்மையிலேயே வள்ளமும் வலையும் உள்ள தொழில்காரருடையவை. 'பயன்படுத்தும் மீன்பிடி உபகரணம்' என்ற இடத்தில் தயாபரன் அண்ணைக்கு என்ன எழுதுவது என்று கேட்டேன். "சுடுதண்ணிப் போத்தல் எண்டு எழுதும்" என்றார். எழுதினேன். சுதாஜினி வாசித்துப் பார்த்துவிட்டு அதை வெட்டாமல் விட்டார்.

இரண்டாவது லைற் கம்பத்திலிருந்து ஐந்தாவது கம்பம் வரைக்கும் ஊர் ஆட்களுக்கு என்று கடிதம் வந்தது. இந்த வருடம் பொங்கல் முடிந்த கிழமை அட்டைகளும் வந்தன. அக்காவினதை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெயர், முகவரி, கீழே 'பொழுதுபோக்கு மீன்பிடிப்பாளர்' என்று இருந்தது. அக்கா அதை இரண்டு தரம் வாசித்தார். நான் பச்சைக் கோப்பை எடுத்துத்தரட்டோ என்று கேட்டேன்.

"அதுக்குள்ள வேண்டாம் தம்பி" என்றார். "அதுக்குள்ள இருக்கிறதெல்லாம் ஆரோ எனக்கு வைச்ச பேர்."

அட்டை இப்போது இறால் டப்பாவுக்குள் ஒரு பொலித்தீன் பையில் இருக்கிறது. நாற்றம் தாங்கமுடியாது. தொப்பி போட்டு வருகிற கொழும்புக்காரர் ஒருவரும் அவரிடம் அட்டை கேட்பதில்லை. அவர்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் தானாகவே எடுத்து எல்லாருக்கும் காட்டுகிறார்.