பேக்கிரவுண்டில் தாய்மாமன்

ஒரு கேமரா லென்ஸ் வாங்க என் கணவர் போட்ட யோசனையில் கால்வாசியை என்னைப் பெண் பார்க்க வந்த அன்று போட்டிருந்தால், எங்கள் கல்யாணமே நடந்திருக்காது. அவர் திருப்பதிக்காரர், தெலுங்கு. நான் எல்லையோரம் பாலசமுத்திரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் லென்ஸ் வீடியோ, வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தாலும் லென்ஸ் வீடியோ.

எல்லாம் எங்கள் மகளின் மொட்டைக்கும் காதுகுத்துக்குமாக. அவருக்கு அது போட்டோ எடுக்கிற சாக்கு. எனக்கோ என் அண்ணன் திரும்ப வருகிற நாள். என் கல்யாணத்தில் அண்ணன்தான் பந்தியைப் பார்த்தார், சமையல்காரரோடு சண்டை போட்டார், வந்தவர்களுக்கு வண்டி பிடித்துக் கொடுத்தார். மேடையில் போட்டோ எடுக்கும்போது அவரைக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தவர், கடைசிப் பக்கம்வரை தன் முகம் இல்லை என்று தெரிந்ததும் மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. ஆனால் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி இல்லாமல் முடியுமா? வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். அவர் மடியில் என் பெண் உட்கார்ந்த போட்டோ ஒன்று வேண்டும் எனக்கு. அது போதும்.

"ஸ்டுடியோ ஆளைக் கூப்பிடுங்க" என்றேன்.

"வாணாம்மே. அவங்க ஃப்ளாஷ் போடுவாங்க. மொட்டைமேல ஃப்ளாஷ் அடிச்சா இன்னா ஆவும் தெரியுமா?" என்று போன வருஷத்துப் படத்தைக் காட்டினார். மலையில் மொட்டை போட்டுவந்த என் மாமியார். மண்டையில் ஒரு ட்யூப் லைட் எரிந்தது. முடியை வாங்கிக்கொண்ட பெருமாள் பதிலுக்கு வெளிச்சத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார். எங்கள் ஹாலில் இருப்பதோ ஒரே ஜன்னல், அதையும் பக்கத்து வீட்டுச் சுவர் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே ஃப்ளாஷ் இல்லாமல் இருட்டிலும் எடுக்கிற லென்ஸ் வேண்டும். ஜூம் கிடையாது, வேண்டுமானால் நாம்தான் முன்னே பின்னே நடக்க வேண்டும். அதற்குப் பெயர் பிரைம் லென்ஸாம்.

முப்பத்தைந்து எம்.எம்.மா, ஐம்பதா என்று ஒரு மாதம் ஓடியது. எங்கள் சின்ன ஹாலுக்கு, அதிகம் பேரை அடக்குகிற முப்பத்தைந்துதான் சரி என்று அவர் பார்த்த வீடியோக்களே சொல்லின. ஆனால் ஐம்பது விலை குறைவு, பின்னால் இருப்பதை இன்னும் நன்றாக மங்கலாக்கிக் கலைத்துவிடுமாம். அந்தக் கலைப்பில்தான் மனுஷன் விழுந்தார். ஐம்பதின் பெட்டி வந்ததும் இட்லியை எடுத்தார், குழாயை எடுத்தார், காஸ் ரெகுலேட்டரை எடுத்தார். என் மாமியாரை எடுத்தபோது மூக்குத்தி பளிச்சென்று இருந்தது, காது எங்கோ புகையில் போயிருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "சினிமா மாதிரி கீது" என்று நானும் பல்லைக் காட்டினேன்.

அண்ணன் சீர்த்தட்டோடு வந்தார். புது வேட்டி, புதுச் சட்டை, மீசைக்கு மை. மடியில் மொட்டையும் சந்தனமுமாக என் பெண். ஆசாரி ஊசியை எடுத்தார், அவள் வீறிட்டாள், என் வீட்டுக்காரர் தரையில் முட்டிபோட்டு டிக் டிக்கென்று தள்ளினார். முடிந்ததும் கேமராவைப் பெருமையாக அண்ணனிடம் நீட்டினார்.

அண்ணன் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். குழந்தையின் கண்ணிமை முடியை எண்ணலாம். அவளுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு மேகம், மேகத்துக்கு மீசை.

"இன்னா மாப்ள, இதுல நான் எங்க கீறேன்?"

"இதோ பாவா" என்று மச்சானைத் தெலுங்கு முறையில் கூப்பிட்டு மேகத்தைத் தொட்டுக் காட்டினார். "இதான் நீங்க. பின்னால கீறது மெத்துனு கலைஞ்சிடும். பேக்கிரவுண்டு பாவா!"

அடப்பாவி மனுஷா! சீர் கொண்டுவந்த தாய்மாமனை, அவர் முகத்துக்கு நேராகவே, பேக்கிரவுண்டு என்ற மாப்பிள்ளை ஆந்திராவில் இவர் ஒருவர்தான். வேறு படங்களைத் தள்ளிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மேகம்.

அண்ணன் பையை எடுத்தார். வாசலில் போய்க் குறுக்கே நின்றேன்.

"போவாத அண்ணே. இன்னொண்ணு எடுத்துக்கலாம். உன் கால்ல உயுறேன்."

"சரி, கொயந்தைய குடு" என்று கை நீட்டினார். அவளோ அவரைப் பார்த்ததும் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். குத்திய ஆசாரியைப் பார்த்துச் சிரிக்கிறாள், பிடித்துக்கொண்ட மாமனைக் கண்டால் அழுகிறாள். அண்ணன் முகம் சுருங்கிவிட்டது.

"அய்ய, மாமன் இன்னாம்மா பண்ணேன்?" என்று கீழே உட்கார்ந்தார். பையும் கீழே இறங்கியது.

அண்ணன் ஏற வேண்டிய புத்தூர் பஸ் போயிற்று. அடுத்ததும் போயிற்று. புது வேட்டியோடு யானையாக ஹாலைச் சுற்றினார். முறுக்கை உடைத்து ஊட்டினார். என் பெண் முதலில் மீசையைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு பிடித்து இழுத்தாள், கையெல்லாம் மை. வெயில் சாய்கிற நேரத்துக்கு அவளாகவே மடியில் ஏறி உட்கார்ந்தாள். நான் உள்ளே போய் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"வெளிச்சம் போறதுக்குள்ள வாசப்படிக்கு வாங்க" என்று இவர் கத்தினார். கேமராவில் எதையோ எட்டுக்குத் திருப்பினாராம், இனி எல்லாரும் தெளிவாக விழுவார்களாம். ஆனால் ஐம்பதில் நாங்கள் அடங்கவில்லை. படி இறங்கினார், தெருவுக்குப் போனார், எதிர்வீட்டு முருங்கை மரத்தில் முதுகு இடிக்க நின்றார். ஒரு ஆட்டோக்காரர் தெலுங்கில் திட்டிவிட்டுப் போனார். நல்ல வார்த்தைகள்தான், நான் காலையிலேயே சொல்லியிருக்க வேண்டியவை.

நான் ஒதுங்கி நின்றேன். அண்ணன் படியில் நகர்ந்து இடம் விட்டார்.

"நீ இன்னாத்துக்கு அங்க நிக்கிற? வா, வந்து குந்து. ஒருத்தர உட்டுட்டு எடுத்தா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

போய் உட்கார்ந்தேன்.

படத்தில் எல்லாம் தெளிவு. கொடியில் காய்கிற பாவாடை தெளிவு, காலி சிலிண்டர் தெளிவு, அண்ணனின் கலைந்த மீசையும் தெளிவு. நான் மட்டும் அழுது வீங்கிய முகத்தோடு கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். இன்னொன்று எடுக்கட்டுமா என்று இவர் தெருவிலிருந்து கேட்டார்.

"வாணாம்" என்றேன். "எங்கண்ணன் கண்ணு தொறந்துகினு கீது."