குடைக்குப் போன கம்பி

வருஷக்கணக்கில் பாறை துளைக்கும் ஜெக் ஹேமரைப் பிடித்ததில், சும்மா இருக்கும்போதும் என் கைகள் நடுங்கும். யாராவது கேட்டால், "இது தொழில் நடுக்கம், பய நடுக்கம் இல்ல" என்று பெருமையாகச் சொல்வேன். பிலிமத்தலாவையில் ஒரு டீச்சர் வீட்டு வேலைக்குப் பிறகு அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் அறை கட்டவிருந்த இடத்தில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு பாறை. அக்கம்பக்கம் வீடுகள்; வெடி வைக்க முடியாது. வரிசையாகத் துளை போட்டு, ஆப்படித்துப் பிளக்க வேண்டும். மேலே நின்று துளைப்பவன் என் மனைவியின் தம்பி. எனக்கு முதுகு போனபிறகு கீழே காற்றடிக்கும் கொம்பிரசர், அதன் ஹோஸ், எண்ணெய் எல்லாம் என் பொறுப்பு.

முதல் நாளே டீச்சருக்கு நான் வகுப்பு எடுத்தேன். "காத்து ஹோஸ் கழண்டா பாம்பு மாதிரி அடிக்கும் டீச்சர். பிடிக்கப் போகக் கூடாது, ஓடவும் கூடாது. ஓரமா கொம்பிரசருக்குப் போய் இந்தக் கைப்பிடியக் குறுக்க திருப்பணும். அவ்வளவுதான்." கழன்ற ஹோஸ் எப்படி ஆடும் என்று இடுப்பை வளைத்து ஆடியும் காட்டினேன். டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நல்லா ஆடுறீங்க அத்தான், அடுத்த வேலை சர்க்கஸ்லதான்" என்று மேலிருந்து மச்சான் கத்தினான்.

இரண்டு ஹோஸ்கள் சேரும் இடத்தில் இரும்புக் கொக்கிகள் ஒன்றையொன்று கவ்வியிருக்கும். அதிர்வில் அவை திரும்பிக் கழன்றுவிடாமல் ஒரு துண்டுக் கம்பியைக் கோத்து முறுக்கிவிடுவோம். மறுநாள் காலை அந்தக் கம்பி என் குடையில் இருந்தது. மழை தூறியது, குடையின் ஒரு கால் முறிந்திருந்தது, அதைக் கட்டக் கைக்கு எட்டியது இந்தக் கம்பிதான். ஹோஸுக்கு வேறு கம்பி தேடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தேடவில்லை.

தேத்தண்ணி நேரத்துக்குச் சற்று முன் 'டம்' என்றது. கழன்ற ஹோஸ் எழும்பி, பாறையில் சாத்தியிருந்த ஏணியை அடித்துத் தள்ளியது. கல்லையும் சேற்றையும் வாரி இறைத்தது. இறங்க வழியில்லாமல் மச்சான் பாறை உச்சியில் ஹேமரைக் கட்டிப்பிடித்துக் குந்திவிட்டான்.

"அத்தான், காத்த மூடுங்க! காத்த மூடுங்க!"

கைப்பிடி என் பக்கத்தில்தான் இருந்தது. அதில் முழங்கையை இடித்துக்கொண்டுதான் நான் ஓடினேன். ஓடி நுழைந்த இடம் டீச்சரின் கோழிக்கூடு. கோழிகள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டன. அந்த அமளியே மேல் என்று அவற்றுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

வலைக் கம்பி வழியாகப் பார்த்தேன். டீச்சர் தேத்தண்ணித் தட்டைப் படியில் வைத்தார். ஓடவில்லை. சுவரோரமாகவே போய்க் கைப்பிடியைக் குறுக்கே திருப்பினார். ஹோஸ் தொப்பென்று விழுந்தது. பிறகு ஏணியைத் தூக்கி நிறுத்தியதும் அவர்தான்.

மச்சான் இறங்கினான். கல் தெறித்ததில் கெண்டைக்காலில் ரத்தம். நொண்டிக்கொண்டே கூட்டுக்கு முன்னால் வந்து குனிந்தான்.

"முட்ட போட்டாச்சா அத்தான்?"

"இன்னும் கொஞ்சம் டைம் குடு" என்றேன். டீச்சர்கூடச் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. வெளியே தவழ்ந்தேன்.

அதற்குள் அவன் குடையைப் பார்த்துவிட்டான். கம்பியை அதிலிருந்து சுற்றுச் சுற்றாகப் பிரித்து எடுத்தான். அவன் கைகள் நடுங்கின. அது தொழில் நடுக்கம் இல்லை.

அடுத்த நாள் ஹோஸை ஊதித் தூசி போக்கி, ஹேமருக்கு எண்ணெய் விட்டு, கம்பியை முறுக்கி, இழுத்தும் காட்டினேன். மச்சான் பார்த்துக்கொண்டிருந்தான். ஏணியில் ஒரு காலை வைத்தவன், அப்படியே நின்று, டீச்சர் சமைத்துக்கொண்டிருந்த குசினியின் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"டீச்சர், இன்னைக்கு முழுக்க வீட்லதானே இருப்பீங்க?"

"லீவுதான் தம்பி, இங்கதான் இருக்கேன். நீங்க ஏறுங்க."

அதைக் கேட்ட பிறகுதான் மறு காலை எடுத்து வைத்தான்.