கதை என்ற இரண்டெழுத்து

இத்தாலியில் நாங்கள் வேலை செய்த வீட்டுக்கார அம்மாவை, எங்கள் சின்யோராவை, அடக்கம் செய்த அன்று நாங்கள் நால்வர் நின்றோம்: வீடு துடைக்க வரும் மன்னார் அக்கா, வீட்டோடு தங்கி அவரைப் பார்த்துக்கொண்ட நான், குழி வெட்டிய இருவர். லண்டனில் இருக்கும் அவர் தங்கையின் மகன் வரவில்லை. அவருடைய ஐந்து ஆங்கில நாவல்களை ஒரு காலத்தில் அச்சிட்டவர்களும் வரவில்லை.

அந்த நாவல்கள் எல்லாவற்றிலும் வாடகை அறையில் தனியே வாழும் ஒரு பெண் வருவாள். சின்யோரா ஆறாவதை, துறைமுகம் தெரியும் சன்னலருகே இருந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தார். யாரும் கேட்காத நாவல். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். புத்தகம் எழுதிய ஒருவரின் வீட்டில் இருப்பதே எனக்குப் பெரிய காரியம்.

குசினியில் நானும் அக்காவும் என்ன செய்கிறோம் என்று ஒருநாள் கேட்டார். "கதைக்கிறம்" என்று தமிழிலேயே சொல்லி, பேசுவதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம் என்று விளக்கினேன். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். பின்னேரங்களில் கட்டிலில் சாய்ந்தபடி, "கதை" என்பார். கதை கேட்கிறார் என்று எண்ணி, அவருடைய நாவலையே எடுத்துத் தட்டுத்தடுமாறி வாசிப்பேன். சில வாரம் பொறுத்துப் பார்த்தவர் ஒருநாள் புத்தகத்தை மூடினார்.

"இது நான் எழுதியது, எனக்குத் தெரியும். நீ கதை."

அதன் பிறகு கதைத்தேன். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வரிசையில் நின்றது, வுச்சீரியாச் சந்தையில் மீன் விலை, வாய்க்கு வந்ததெல்லாம். அவரைப் பார்க்க வேறு யாரும் வருவதில்லை. என்னையும்தான்.

கல்லறைக் கல்லுக்குத் தங்கையின் மகன் காசு அனுப்பினார், பெயருக்கும் ஆண்டுகளுக்கும் மட்டும். எழுதி வாழ்ந்தவர் என்பது கல்லில் எங்கும் இராது. எனக்கு மனம் கேட்கவில்லை. ஸ்தாசியோனே ரயில் நிலையத்துப் பக்கம் கல் வெட்டுபவரோ எழுத்துக்கு இவ்வளவு என்று வாங்குபவர்.

"இத்தாலியனிலை நீளம். நாங்கள் ரெண்டெழுத்திலை முடிப்பம்," என்றார் அக்கா. "கதை எண்டு போடு. அவ எழுதினதும் அதுதான், உன்னட்டைக் கேட்டதும் அதுதான்."

அக்காவோடு அவரிடம் போய், தாளில் எழுதிக் கொடுத்தேன். கல் வெட்டுபவர் விரலால் தொட்டு எண்ணினார். மூன்று என்றார்.

"ரெண்டு எண்டு சொல்லு."

"சொல்லிப்போட்டன் அக்கா. நடுவிலை கிடக்கிற கொம்பையும் ஒரு எழுத்தா எண்ணுறார்."

"கொம்பைத் தனிய வாசிச்சுக் காட்டட்டும், காசு தாறன்."

அதையும் இத்தாலியனில் சொன்னேன். "வாசிப்பது உங்கள் வேலை. நான் வெட்டுபவன்," என்றார் அவர், உளியைத் துடைத்தபடி.

அக்கா பாதிக் காசை என் கையில் வைத்தார். "குடுத்துத் துலை. கொம்பில்லாட்டி அவவின்ரை சொல்லு பிழையாப் போயிடும்."

எழுத்துக்குப் பதினையாயிரமாக, நாற்பத்தையாயிரம் லீரே.