ஒரே ஒரு படம்

நெய்வேலி என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, மத்தியானம் இரண்டு மணி ஷிப்ட்டுச் சங்கு ஊதும்போது குவார்ட்டர்ஸ் வாசலில் கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சடக்கி நின்ற என் ஐந்து வயதுத் தம்பிதான். நான் விரல்விட்டு எண்ணுவேன். சங்கு பாதி ஊதுவதற்குள் புஸ்ஸென்று விட்டுவிட்டுச் சிரிப்பான். பார்த்தவர்கள் ஏதோ விளையாட்டு என்று நினைத்திருப்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கம். தம்பியின் சிறுநீரகத்தில் இருந்த புற்றுக்கட்டியைச் சென்னையில் எடுத்திருந்தார்கள். அது நெஞ்சுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கச் சில மாதங்களுக்கு ஒருமுறை எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே. அம்மாவுக்கு முதல் நாளே சோறு இறங்காது. எக்ஸ்ரேக்காரர் சேத்தியாத்தோப்புப் பக்கத்து மனிதர், சரியான சிடுமூஞ்சி. ஒருமுறை தம்பி மிரண்டு திமிறியதில் படம் கலங்கிப்போனது. உடனே இன்னொன்று எடுப்பார் என்று நின்றோம். அவரோ மாட்டேன் என்றுவிட்டார்.

“வூட்டுக்கு இட்டுகினு போங்க. மூச்ச புடிச்சிகினு ஆடாம நிக்கப் பழக்கிட்டு, மூணு நாள் கழிச்சி வாங்க.”

இன்னும் மூன்று நாள் காத்திருப்பதா? அம்மாவுக்கு வந்ததே கோபம். “இன்னொரு படம் எடுத்தா என்ன குறைஞ்சா போயிடும்? எங்க வீட்டுக்காரர் கம்பெனியில பெர்மனென்ட்டு. ஓசியிலயா கேக்கிறோம்?”

அவர் குரலை உயர்த்தவில்லை. “ஃபிலிமுக்குப் பாக்கலீங்கம்மா. இப்ப எடுத்தா மறுபடியும் ஆடுவான். ஒவ்வொரு படத்துக்கும் அந்தக் கதிரு புள்ள ஒடம்புல பாயுது. இப்ப ஒண்ணும் தெரியாது. நாளைக்கி இவன் பேரன் பேத்தி எடுக்கற வயசுல அது வம்பு பண்ணக் கூடாது பாருங்க.”

அம்மா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அடுத்த தீபாவளிக்குப் பிள்ளை இருப்பானா என்று ஒருவர் மாற்றி ஒருவர் உச்சுக்கொட்டிவிட்டுப் போன வீடு எங்களுடையது. அவன் கிழவனாவான் என்று எங்களிடம் சொன்ன முதல் ஆள் அந்தச் சிடுமூஞ்சிதான். அன்று அவர்மேல் எனக்கு வந்த பிரியம் இன்னும் குறையவில்லை.

மூன்று நாள் கழித்துப் போனபோது தம்பி ஆடாமல் அசையாமல் நின்றான். ஒரே படம். நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

இப்போது அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. சாயம் பூசிக்கொள்ளச் சொல்லி அவன் மனைவி நச்சரிக்கிறாள். பூசவே கூடாது என்று நான் போனில் சண்டை போடுகிறேன். நாத்தனார் கொடுமை என்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த வெள்ளை முடி எனக்கு வேண்டும்.