சிவப்பாகத்தான் பூக்கும் என்று அப்பா சொன்ன அசேலியா

எங்கள் அப்பா கரவெட்டியில் பிறந்து, ஜெர்மனியில் குளிருக்குப் பழகி, லண்டன் கோலியர்ஸ் வுட்டில் வீடு வாங்கி, பிள்ளைகள் மூவரையும் ஆளாக்கினார். அவரைப் பொறுமைசாலி என்று எழுதினால் அம்மா இந்த நினைவு மலரையே கிழித்துவிடுவார். அப்பா பொறுமை காட்டியது அசேலியாச் செடியிடம் மட்டும்தான்.

ஓய்வு பெற்றதும், பக்கத்து வீட்டுச் சிவப்பு அசேலியாவின் காய்ந்த காயொன்றைக் கேட்டு வாங்கிவந்தார். உள்ளே இருந்தது விதையா தூசியா என்றே தெரியவில்லை.

"கடையில நல்ல கன்று விக்குது, அப்பா."

"கன்று ஆரும் வாங்கலாம், பிள்ளை."

விதையை ஈரப்பாசியின்மேல் தூவி, மண் மூடாமல் குசினி ஜன்னலில் வைத்தார். அன்றிலிருந்து எங்கள் குசினியில் தும்மத் தடை. மிளகாய் தாளிப்பதென்றால் அம்மா முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பு அசேலியாவுக்கு ஆகாதாம். அதற்கு வாளி வாளியாக மழைத்தண்ணீர். சுண்ணாம்பு எங்களுக்கு.

முளைத்தவற்றில் ஒன்றே தப்பியது. அதன் முதற்பூவைப் பார்த்துவிட வேண்டும் என்று அப்பா தவம் கிடந்தார்.

"தாயைப் போல பிள்ளை. சிவப்புத்தான் பூக்கும்."

"உங்கட மகள் என்னைப் போலவோ இருக்கிறாள்? என்ன நிறமெண்டாலும் பூத்தால் சாமிக்கு" என்பார் அம்மா. இதற்குள் என்னை ஏன் இழுத்தார்களோ!

வருடங்கள் போயின, இலைதான் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அப்பாவுக்கு அம்மாவிடம் அதே கதை.

"முதல் பூவைப் பறிச்சுப் போடாதையும். செடியில நிக்கட்டும்."

"முதல்ல நீங்கள் எழும்பி வீட்டுக்கு வாங்கோ."

அப்பா வரவில்லை.

அந்த நாட்களில் சமைத்துக் கொண்டுவந்தவர்கள், ஷிப்டை விட்டு ஓடிவந்தவர்கள், தோள் கொடுத்தவர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. தகனம் முடிந்து வந்து அந்த மழைத்தண்ணீர் வாளியில் கால் கழுவிய உறவுகளுக்கும் நன்றி. அப்பா இருந்திருந்தால் உங்களை வாசலோடு கலைத்திருப்பார்.

ஆண்டுத் திவசத்துக்கு முந்தின வாரம் செடி பூத்தது. ஒரே ஒரு பூ. சாமிக்குப் பறிக்க அம்மா தட்டோடு தோட்டத்துக்குப் போவார் என்று நினைத்தேன். அவரோ சுவரிலிருந்த அப்பாவின் படத்தைக் கழற்றி, மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு, செடிக்கு முன்னால் போய் நின்றார்.

"பாருங்கோ, வடிவாப் பாருங்கோ. சிவப்பெண்டு சொன்னியள். இது ரோஸ் நிறம். நான் சொன்னனான்தானே?"

வென்றுவிட்டு அம்மா விம்மி விம்மி அழுதார்.

பூ இன்னும் செடியில்தான் இருக்கிறது. திவசத்துக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகலாம். கிட்டப் போய்த் தும்ம வேண்டாம்.