கூட்டக் குறிப்பில் இருந்த அமைச்சர்

“மேடம், அந்த மினிட்ஸ மாத்தி எழுதிடுங்க” என்று இயக்குநர் சொன்ன நாள்தான் என் பணிக்காலத்திலேயே சிக்கலான நாள். புதுச்சேரியில் தொழில் முதலீடுகளைக் கவனிக்கும் ஓர் அரசு அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளர். கூட்டங்களில் பேசுவதைக் குறித்துக் கோப்பில் சேர்ப்பது என் பொறுப்பு.

அதற்கு மூன்று மாதம் முன் ஒரு சீனக் கம்பெனி, செல்போன் உதிரிபாகத் தொழிற்சாலை தொடங்க இடம் கேட்டு வந்திருந்தது. அவர்களோடு நடந்த கூட்டத்தில் அமைச்சரே சால்வை போர்த்தினார். “எடத்தப் பத்திக் கவலப்படாதீங்க, ஒரே மாசத்துல குடுத்துடலாம்” என்றார். முகம் சுளித்தவர் ஒருவர்தான். அதே பாகங்களைத் தயாரிக்கும் உள்ளூர் முதலாளி.

“இவங்க வந்தா நாங்கல்லாம் மூடிட்டுப் போவணுமா சார்?”

“நீங்களும் பார்ட்னரா சேந்துக்குங்க” என்றார் அமைச்சர். முதலாளி சிரித்துவிட்டார். அத்தனையும் எழுதினேன்.

பிறகு எல்லையில் மோதல். சீனப் பொருள் வேண்டாமென்று கடற்கரைச் சாலையில் ஊர்வலம் போனது. அந்த வாரம் கம்பெனியின் பொறியாளர் லின் என்ற பெண் பதில் கேட்டு வந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. “ஃபைல் பரிசீலனைல இருக்குன்னு சொல்லிடுங்க” என்று இயக்குநர் என்னை அனுப்பினார்.

அந்த முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “இப்போது நடக்காது, காத்திருக்காதீர்கள்” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

“நன்றி. மூன்று நாளாக இதைக் கேட்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்” என்று எழுந்து போனார்.

மறுநாள்தான் மினிட்ஸ் விவகாரம். “மினிஸ்டர் அந்தக் கூட்டத்துக்கே வரலன்னு இருக்கட்டும்.”

“நான் கேட்டதத்தான் எழுதனேன் சார். மாத்தணும்னா எழுத்துல உத்தரவு குடுங்க.”

இயக்குநர் கோப்பை மூடி என்னிடமே தள்ளினார். எழுதித் தரவில்லை. அடுத்த வாரம் எனக்குக் காரைக்காலுக்கு மாற்றல். உடம்பு முடியாத கணவரை புதுச்சேரி மூலக்குளம் வீட்டில் விட்டுவிட்டு வாரக்கடைசியில் மட்டும் வந்து போனேன். பஸ்ஸில் சில நாள் அழுததும் உண்டு.

ஓராண்டு கழித்து அந்த முதலாளி காரைக்காலில் புதுப் பிரிவு கட்டித் தொழிற்சாலையைப் பெரிதாக்கினார். திறந்துவைத்த அமைச்சர், “யார் தயவும் இல்லாம சொந்தக் கால்ல நிக்கிறோம்” என்று பேசினார். உள்ளே ஓடிய இயந்திரங்கள் எல்லாம் சீனாவிலிருந்து வந்தவை. அவற்றுக்கான அனுமதிக் கோப்பு காரைக்காலில் என் மேசை வழியாகத்தான் போனது. குறை ஏதும் இல்லை, கையெழுத்துப் போட்டேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வெளிநாட்டு முதலீட்டை மேலே இருப்பவர்கள் இன்று வரவேற்பார்கள், நாளை வேண்டாம் என்பார்கள். முடிவை மாற்றிக்கொள்வது அவர்கள் அதிகாரம். நேற்று நடந்ததை மாற்றி எழுதுவது நம் வேலை இல்லை.